சீரகம் இல்லாத கூடை

திருத்தணி மலைமேல் மணம் முடிக்க வருவோர்க்கு வேண்டிய அனைத்தையும் ஒருங்கே அமைத்துத் தரும் நிலையத்தைச் சடகோபன் அடிவாரத்தில் நடத்திவந்தார். மேளம், மாலை, புரோகிதர், பந்தி யாவும் அவர் பொறுப்பு. ஆயினும் மஞ்சளைக் காணோம், திரியைக் காணோம் என்று முகூர்த்த வேளையில் எழும் கூக்குரல் மட்டும் ஓயவில்லை. அதை ஓய்த்தவர், அவரிடம் பூக்கட்ட வந்த கோமளவல்லி. சடங்குப் பொருள்களையெல்லாம் முன்னதாகவே கூடையில் அடுக்கி, எல்லா வீட்டாருக்கும் ஒரேவிதமாக வழங்கலாம் என்பது அவர் யோசனை.

"ஒரு முகூர்த்தத்துல எத்தினி கல்யாணம் முடிச்சோம்? அதான் நமக்கு அளவு" என்பார் சடகோபன். கூடை வந்தபின் அந்த எண்ணிக்கை இரட்டித்தது. கோமளவல்லிக்குப் பூக்கட்டும் வேலை போய், மேற்பார்வை வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, ஆவணி முகூர்த்தம். பள்ளிப்பட்டிலிருந்து தெலுங்கு பேசும் நெசவாளர் கஜபதி தம் மகளுக்கு மணம் முடிக்க வந்திருந்தார். "கைய வீசிகினு வாங்க, எல்லாம் கூடையில இருக்கும்" என்று சடகோபன் சொல்லியிருந்தபடியே வெறுங்கையோடு வந்திருந்தார்.

மலைமேல் மண்டபத்தில் மணமக்கள் அமர்ந்தனர். கஜபதி கூடையைக் கிளறினார், மீண்டும் கிளறினார்.

"அம்மா, ஜீலகர பெல்லம் எங்க?"

கோமளவல்லி கூடையை வாங்கிப் பார்த்தார்; அது இல்லை. அவ்வழக்கத்தை அவர் அறியாதவர் அல்லர். சீரகத்தையும் வெல்லத்தையும் அரைத்து, மணமக்கள் ஒருவர் உச்சியில் ஒருவர் வைத்து அழுத்தும் கணமே அவ்வீட்டாருக்கு முகூர்த்தம். பல திருமணங்களில் கண்டதுதான். ஆனால் கூடையை வகுத்தபோது அவர் மனத்தில் இருந்தது தம் வீட்டுக் கல்யாணம் ஒன்றே.

"தாலி கட்டிட்டா கல்யாணம்தானே? மேளத்த கொட்டச் சொல்லுங்க" என்றார் சடகோபன்.

"அது உங்க வூட்டுக்கு. இது வைக்காம தாலிய எடுத்தா, நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சுன்னு எவன் ஒத்துக்குவான்?" என்றார் கஜபதி.

சடகோபன் கோமளவல்லியின் பக்கம் குனிந்தார். "இது மட்டும் கெட்டுதுன்னா, நீ மறுபடியும் பூக்கட்டவே போயிடு."

கடைத்தெருவுக்கு இறங்கி ஏற நேரமில்லை. முகூர்த்த நேரம் கழியுமுன் ஒரு வழி வேண்டும். கோமளவல்லி அடுத்த மண்டபத்துக்கு ஓடினார். அங்கே இன்னொரு தெலுங்கு வீட்டார் தாமே நடத்திய கல்யாணம்; சமையல் சாமான்களின் நடுவே நின்ற அந்த மணப்பெண்ணின் தாய் ஜெயம்மா, செய்தியைக் கேட்டு இடுப்பில் கைவைத்தார்.

"ஏம்மா, கம்பெனி வச்சி கல்யாணம் பண்றீங்க, ஒரு பிடி சீரகத்துக்கு வக்கில்லியா?"

"தப்பு என்னோடதுதான் அக்கா. ஒரு உருண்டை குடுங்க, காலத்துக்கும் மறக்க மாட்டேன்."

"அரைச்சது என் பொண்ணுக்கு. அத பங்கு போட மாட்டேன்." கோமளவல்லியின் முகம் வெளிறியதைக் கண்டு மளிகை மூட்டையை அவிழ்த்தார். "சீரகம் இந்தா, வெல்லம் இந்தா. நீயே நசுக்கிக்க. ஓடு, ஓடு!"

அம்மி ஏது? மண்டபத்துக் கற்படியை நீர் விட்டுக் கழுவி, பித்தளைச் செம்பின் அடியால் கோமளவல்லி இடித்தார். சீரகம் சிதறிற்று; வெல்லம் விரலில் ஒட்டிற்று. "ஆச்சா? ஆச்சா?" என்று புரோகிதர் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி நசுங்கியும் நசுங்காமலும் இருந்த உருண்டைகள் வெற்றிலையில் ஏறின. தணிகைவேலன் துணை என்று கோமளவல்லி கண்மூடினார். மணமக்களின் கைகள் உச்சியில் பதிந்தன, கெட்டிமேளம் முழங்கிற்று. முகூர்த்த நேரம் கழியவில்லை.

பந்தி முடிந்ததும் சடகோபன் மலர்ந்த முகத்தோடு வந்தார். "இன்னிக்கும் ஒண்ணுகூட தவறல, பாத்தியா!"

கோமளவல்லி புறப்பட்டுக்கொண்டிருந்த கஜபதியிடம் நேரே சென்றார். "ஐயா, எங்ககிட்ட உங்களுக்கு என்னென்ன கொறைஞ்சிது? ஒளிக்காம சொல்லுங்க."

கஜபதி கொட்டித் தீர்த்தார். மணமக்கள் ஒருவர்மேல் ஒருவர் பொழியும் அரிசி ஒரு கைக்குத்தான் வந்ததாம். சம்பந்தி வீட்டாரைத் தெலுங்கில் அழைக்க ஆளில்லையாம். "கல்யாணம் ஆச்சும்மா. ஆனா காலைலருந்து என் வயித்துல நெருப்பு."

அவர் போனபின் சடகோபன் சீறினார். "கேட்டா கொறைதான் சொல்லுவாங்க. இனிமே யாரையும் கேக்காத!"

"கேக்காம இனிமே கூடை கட்ட மாட்டேன். எத்தினி முடிஞ்சிதுன்னு நீங்க எண்ணிக்கோங்க. எத்தினி பேர் வயிறு எரிஞ்சிதுன்னு நான் எண்ணிக்கிறேன். பூக்கட்டப் போவச் சொன்னா இப்பவே போறேன்."

சடகோபன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். மூன்றாம் நாள் காலையில் கோமளவல்லியின் வாசலில் வந்து நின்றார்.

"ஆர்.கே.பேட்டையில ஒரு கல்யாணம் நம்மகிட்ட பேசியிருக்காங்க. அவங்க வழக்கம் என்னான்னு எனக்குத் தெரியாது, நீயே வந்து கேளு. பஸ் வர நேரம் ஆவுது, கெளம்பு."