சந்தானம் அங்கிளின் மானிட்டர்

அமெரிக்காவின் ஃபிரிஸ்கோ நகரில் ஒரு வங்கியின் ஐடி பிரிவில் வேலை பார்க்கும் தாமரைச்செல்வி, சனி ஞாயிறுகளில் ஓர் இலவச மென்பொருளைப் பராமரித்து வந்தாள். கணினியில் கோப்புகளைத் திறந்து பார்க்க உதவும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது. புதிய பதிப்பில் மூடும் பொத்தானை மேல் வலது மூலையிலிருந்து மேல் இடது மூலைக்கு மாற்றினாள். புதுமை என்றுதான் நினைத்தாள். தொள்ளாயிரம் புகார்கள் வந்தன.

அவற்றில் தினம் ஒன்றாக எழுதியவர் சந்தானம். ஓய்வுபெற்ற இன்ஜினியர், நான்கு தெரு தள்ளித்தான் வீடு. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தவள், பழைய இடத்தையும் தேர்ந்தெடுக்க வழிசெய்துவிட்டு, அதைச் சொல்ல நேரிலேயே போனாள்.

அவருடைய மானிட்டர் மேஜைமேல் தலைகீழாக இருந்தது. மவுஸையும் திருப்பிப் பிடித்திருந்தார்.

"என்ன அங்கிள் இது?"

"நீ பட்டனை லெஃப்ட்டுக்கு மூவ் பண்ணிட்டே. நான் மானிட்டரைத் திருப்பிட்டேன். இப்ப ரைட் சைடு வந்துடுச்சு. கீழ இருக்கு, பரவால்ல."

"இனி வேண்டாம் அங்கிள். பழையபடி ரைட்லயே வெச்சுக்கலாம். ஆப்ஷன் குடுத்துட்டேன்."

அவர் முகம் வாடிவிட்டது. "மூணு மாசமா தலைகீழா படிச்சுப் பழகியிருக்கேன்மா. இப்பத்தான் ஸ்பீட் வந்திருக்கு. உங்களுக்கெல்லாம் யூசரைப் பத்தி அக்கறையே இல்ல." சொல்லிக்கொண்டே அடுத்த புகாரை டைப் செய்யத் தொடங்கினார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி மீனாக்ஷி, "பேப்பரையும் அப்படித்தான் படிக்கிறார்," என்றார்.

தாமரைச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. குற்ற உணர்ச்சிதான் வந்தது. வீட்டுக்குப் போய், மானிட்டரைத் தலைகீழாக வைத்திருப்பவர்களுக்கென்று தனியாக ஓர் ஆப்ஷன் சேர்த்தாள். அது சரியாக வேலை செய்யவில்லை என்று அடுத்த வாரமே நாற்பது பேர் எழுதினார்கள்.