ஒரு ஓம் ஸ்பீக்கர்

மோங்காக் கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் எங்கள் ஆடியோ கடை. விற்பது என் வேலை. ஆம்ப்ளிஃபையர்களைப் பழுதுபார்ப்பது லைக்வான் அக்காவின் வேலை. பதினாறு வருஷமாக அவள் கையில் சாலிடரிங் சூடு படாத நாள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் புது ஆம்ப்ளிஃபையரோடு பொருத்திப் பார்க்க, பல் டாக்டர் மோக் தன் ஸ்பீக்கர்களைத் தூக்கிவரச் செய்திருந்தார். ஆள் உயரம், உள்ளே காகிதம் போல அலுமினியத் தகடு. செய்த கம்பெனி மூடிவிட்டது, தகடு கிழிந்தால் வேறு கிடைக்காது. சாதாரண ஸ்பீக்கரின் மின்தடை எட்டு ஓம் என்றால் இதற்கு வெறும் ஒரு ஓம். எட்டு மடங்கு மின்சாரத்தை உறிஞ்சும்.

முதலாளி யிப் புதிதாக வந்த ஆம்ப்ளிஃபையரைக் காட்டி, "இது எதையும் ஓட்டும் டாக்டர்" என்றார்.

அக்கா யிப்பைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"முதலாளி, இது வேணாம். நாலு ஓமுக்குக் கீழ போனாலே திணறும். ரிலேயும் இல்ல."

கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துக் காப்பாற்றுவது அந்த ரிலேதான். சத்தத்தைக் கெடுக்கிறது என்று யிப் சொல்ல, முந்தின வாரம் அதைக் கழற்றியவளே அக்காதான்.

"மீட்டரப் பாத்துப் பாட்டு கேக்கறவ நீ. போய் டீ போடு" என்றார் யிப். வெளியே வந்து ஸ்பீக்கர்களை அதில் இணைத்துப் பாட்டைப் போட்டார்.

அக்கா டீ போடப் போகவில்லை. ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் மண்டியிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை மாட்டினாள். முதல் பாட்டு முடிந்த அமைதியில் முள் பூஜ்யத்தில் நின்றது. இரண்டாவது முடிந்தபோது அரை வோல்ட் காட்டியது. பாட்டே இல்லாதபோது அது காட்டக்கூடாது. மூன்றாவதில் முரசு இறங்கியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஆம்ப்ளிஃபையரிலிருந்து எனக்குச் சூடான வார்னிஷ் வாசனை அடித்தது. முள் இரண்டு வோல்ட்டைத் தாண்டியது.

அக்கா சுவர் ஸ்விட்சைத் தட்டி அணைத்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் யிப், குரலை அடக்கிக்கொண்டு.

அவள் டாக்டரிடம்தான் பேசினாள். "கொஞ்ச நேரம் விட்டிருந்தா உங்க தகடு பொசுங்கியிருக்கும் சார். காப்பாத்துற ரிலேய கழட்டினது நான்தான். சொன்னாங்க, செஞ்சேன். செஞ்சிருக்கக் கூடாது."

டாக்டர் எழுந்துபோய்த் தகட்டைத் தொட்டார். உடனே விரலை எடுத்துக்கொண்டார். ஸ்பீக்கர்களைக் கட்டச் சொன்னார்.

திங்கட்கிழமை யிப் அவளை வேலையிலிருந்து நீக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அக்கா பாதி கவுண்ட்டரை வாடகைக்கு எடுத்தாள். முதல் மாதம் ஹெட்போன் வயர் ஒட்டித்தான் ஓட்டினாள். பிறகு டாக்டர் தேடிவந்தார். "தப்ப ஒத்துக்கிட்ட ஆளு நீதான். எனக்கொரு ஆம்ப் தேடிக் குடும்மா."

நாலு மாதம் அலைந்து, ஸ்பீக்கருக்கு ஒன்றாக, ஒரு ஓமைத் தாங்கும் இரண்டு பழைய ஆம்ப்ளிஃபையர்களைப் பிடித்தாள். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டும். என்னையும் கூப்பிட்டாள். போனேன்.

டாக்டர் வீட்டில் அதே முரசு ஒரு மணி நேரம் அதிர்ந்தது. அவள் மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எப்படிம்மா இருக்கு சத்தம்?"

"தெரியல சார். முள் பூஜ்யத்த விட்டு அசையல" என்றாள். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னாள்.