விசிறியில் வைத்த விரல்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான், ஆனாலும் இதையெல்லாம் நம்பியதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

மார்க்கையன்கோட்டையில் என் தங்கை பேச்சியின் கணவர் செல்வம், ஒரு அறை நிறைய கம்ப்யூட்டர் கார்டுகளை ஓடவிட்டு கிரிப்டோ காசு எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கார்டிலும் விசிறி உண்டு. சூட்டைப் பார்த்துக் கரண்டையும் விசிறியையும் கூட்டிக் குறைக்க வேண்டும், எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் கார்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். "மச்சான், அது மாடு இல்ல, தடவிக் குடுக்காதீக. நம்பரப் பாருங்க" என்று சிரிப்பார்.

அவருக்கு நெஞ்சில் சளி கட்டித் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பேச்சி அவரோடு இருந்தாள், கார்டுகளோடு நான். அன்று பகலில் நல்ல மழை, அறை குளிர்ந்துவிட்டது, மழை பெய்தால் விசிறியைக் குறைக்கலாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார், குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் பேச்சி ஃபோன் செய்தாள்.

"அண்ணே, இவுகளுக்கு மூச்சு இழுக்குது. விசிறியக் கூட்டச் சொல்றாக."

"அங்கன இருக்குற விசிறியவா?"

"இல்லண்ணே. மச்சான் கொறச்சிட்டாக, கூட்டச் சொல்லுங்கறாக. நீ என்ன பண்ணுன?"

குறைத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. உடனே கூட்டினேன். "இப்பத் தேவலண்ணே" என்றாள்.

அப்புறம் இடி இடித்தது, கரண்ட் போய்விட்டது. விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. என்ன நினைத்தேனோ, முன்னால் இருந்த கார்டின் விசிறியை விரலால் சுற்ற ஆரம்பித்தேன். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விரல் நுனி உரிந்த பிறகும் விடவில்லை. ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தது. பேச்சி அங்கே தனியாக இருக்கிறாளே என்று விரலை எடுத்துவிட்டு ஃபோனை எடுத்தேன்.

அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் பேச்சி சொன்னாள். நாடி நின்றுவிட்டதென்று டாக்டர் சொன்ன பிறகும் நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியதாம், டாக்டரே மறுபடி மறுபடி நாடி பிடித்துப் பார்த்தாராம்.

"அதச் சொல்லத்தாண்ணே அத்தன தடவ அடிச்சேன். நீ எடுத்து அலோன்ன பாரு, அப்பத்தான் நின்னுச்சு."

விரலைப் பற்றி அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. கார்டுகளை விற்றாகிவிட்டது, உரிந்த இடமும் ஆறிவிட்டது. ஆனால் இப்போதும் கரண்ட் போய், வீட்டு மின்விசிறி வேகம் குறைந்து நிற்கப் போகும்போது, மடியில் கிடக்கிற அந்த விரல் மட்டும் தானாகச் சுற்றத் தொடங்குகிறது.