சர்வர் வைக்காத பெயர்

திண்டுக்கல் மேட்டுப்பட்டி அமலன் அமைக்கும் இணையப் பக்கங்களில், மாதிரிக்கென்று எழுத வேண்டிய இடங்களில் எல்லாம் 'ககககக' என்றே இருக்கும். மனிதப் பெயரை இடமாட்டான். அதற்குக் காரணம் உண்டு.

பகலில் அச்சகமொன்றில் திருமண அழைப்பிதழ்களுக்கு எழுத்துக் கோத்து, மாலையில் வீட்டுக் கணினியில் இணையத் தொழில் பழகியவன் அவன். அண்ணன் ஸ்டீபன்ராஜ் பம்பாயில் வேலை என்று கொடைரோட்டில் ரயிலேறியவன். சில கடிதங்களுக்குப் பின் செய்தியே இல்லை. தேடிப் போன அமலனும் வெறுங்கையோடு திரும்பினான். தாய் ரோஸ்மேரியோ அந்திச் செபமாலையின் முடிவில், "பயணத்துல இருக்குற எம்மவன் ஸ்டீபன்ராஜுக்காக" என்று நாள் தவறாமல் மன்றாடி வந்தாள். கல்லறைத் திருநாள் திருப்பலிக்கு இறந்தோர் பெயர் கொடுக்கையில், கணவர் சூசையின் பெயரோடு நிறுத்திக்கொள்வாள். "பெரியவன் பேரையும் குடுத்திரலாமேக்கா" என்று சொல்லிவிட்ட அண்டை வீட்டுக்காரியோடு அன்றே பேச்சை முறித்தாள்.

2004ஆம் ஆண்டு ஐப்பசியில், அயல்நாட்டில் வாழும் பங்கு மக்களும் தம் இறந்தோரின் பெயர்களை அனுப்புவதற்கு இணையப் பக்கமொன்று வேண்டுமெனப் பங்குத்தந்தை அமலனைக் கேட்டார். வரும் பெயர்களைக் காத்து வைத்துப் பக்கத்தில் இட்டுத் தரும் சர்வர் சென்னையில் இருந்தது. வீட்டில் இணைய இணைப்பும் இல்லை. சர்வருக்கான ஆணைகள் அடங்கிய கோப்பை, இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி நேரே திறந்து காட்டாது. ஆகவே அதற்கொரு நகற்படி எடுத்து, கோப்புப் பெயரின் வாலான கடைசி எழுத்துகளை மாற்றிச் சாதாரணப் பக்கமாக்கித் திறந்தான். தலைப்பு வந்தது, சிலுவைப் படமும் கட்டங்களும் வந்தன, ஆணைகள் நின்ற இடங்கள் மட்டும் வெறுமையாய்க் கிடந்தன.

காப்பி கொண்டுவந்த ரோஸ்மேரி எட்டிப் பார்த்தாள்.

"என்னலே, கட்டம் கட்டமா இருக்கு, ஒரு எழுத்தையும் காணோம்?"

"பேரெல்லாம் சர்வர்தாம்மா கொண்டாந்து வைக்கணும். இங்கதான் சர்வர் இல்லையே."

"அப்ப எலயப் போட்டுட்டுச் சும்மா ஒக்காந்திருக்கியாக்கும். பசிச்சவன் எந்திரிச்சுப் போயிருவான்லே!"

தானே சொல்லித் தானே சிரித்தாள். அவ்வீட்டில் சிரிப்பு அரிது.

நீண்ட பெயர் வந்தால் வரி மடங்குமா என்பதை வெற்றுக் கட்டத்தில் அறிய இயலாது. அதனால் படியில் மட்டும் கையால் பெயர்களை இட்டான். முதற்கட்டத்தில் தந்தை சூசை. அடுத்ததற்கு நீண்ட பெயர் தேவைப்பட்டது. விரல்கள் தயங்கவில்லை. வரி மடங்காமல் செம்மையாக அமைந்தது. அச்சகத்திலிருந்து ஆள் வந்து அழைக்கவே, திரையை அணைக்காமல் எழுந்து போனான்.

மழையில் நனைந்து திரும்பியபோது தாய் அவன் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். 'மரித்த விசுவாசிகள்' என்ற தலைப்பின் கீழ்த் தன் மூத்த மகனின் பெயரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அவனப் பத்தித் தாக்கல் தகவல் எதும் வந்துச்சா, அப்பு? எங்கிட்ட மறைக்காத."

"சத்தியமா இல்லம்மா! அது சும்மா மாதிரிக்குப் போட்டது. சர்வர்ல இருந்து வந்ததில்ல."

"சர்வர் வைக்கலன்னு தெரியுதுலே. அப்ப எலையில வச்சது யாரு?"

அமலன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான்.

"மாதிரிக்குன்னா ஒம் பேரப் போட வேண்டியதுதான? எம் பேரப் போட்டிருந்தாக்கூட எனக்கு ஒண்ணுமில்ல."

"தெரியாமப் போட்டுட்டேம்மா."

"தெரியாமத்தான் கை போயிருக்கு. அதத்தான் கேக்குறேன்."

அவன் அப்பெயரை அழித்துப் பக்கத்தை மீண்டும் திறந்தான். சூசைக்குக் கீழே கட்டம் வெறுமையாயிற்று. அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

அன்றைய செபமாலையின் முடிவில் நோயாளிகளுக்காக மன்றாடிய பின், "பயணத்துல இருக்குற" என்று தொடங்கியவள் நின்றாள். கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அமலன் தலை நிமிராமல் காத்திருந்தான்.

"எல்லாருக்காகவும்" என்று முடித்து, செபமாலையை மடித்து வைத்தாள்.