வேறு நம்பர் போட்ட சட்டை

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாம் வகுப்புவரை மலையாளப் பள்ளியில் படித்தேன். தமிழ் எழுத்து அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. ஒரு பட்டாளக்காரரைப் பற்றி எழுத உனக்கென்ன தெரியும் என்று யாராவது கேட்டால், துணியைத்தான் தெரியும் என்பேன். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அவருக்கு நான் ஒரு பிழை செய்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் துணி வெளுக்கும் தொழில். மாமா மட்டும் துவைக்கிற கல்தொட்டியில் நிற்க மனமில்லாமல் காலாட்படையில் சேர்ந்தார். பட்டாளம் இலங்கைக்குப் போனபோது அவரும் போனார். சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார். நடையைப் பற்றித்தான் சொல்வார். ஈர பூட்ஸோடு நாள் முழுக்க நடந்து கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகுமாம். தமிழ் தெரிந்தவர் என்பதால் வீடுகளைச் சோதனை போடும்போது அவரைத்தான் முதலில் கதவைத் தட்டச் சொல்வார்களாம். உள்ளே இருக்கிற பெண்கள் தமிழில் அழுவது மட்டும் கடைசிவரை பழகவில்லை என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னார்.

அங்கே அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார், எங்களுக்கு அக்கரையில் இருக்கும் வைப்பின் தீவுக்காரர். இருவரும் ஒரே கூடாரம். ஒருநாள் காலை ரோந்துக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. முந்தின நாள் அவர் கழற்றிக் கயிற்றில் போட்ட சட்டையை மாமா எடுத்து வைத்துக்கொண்டார். மற்றதெல்லாம் பெட்டியில் அடைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், துவைத்து மடித்து. பிறகு அந்தக் கூட்டாளியின் தாய் மாமாவுக்குக் கடிதம் எழுதினார். பெட்டியில் மகனின் வாசனையே இல்லை, அவன் உடுத்த துணி ஏதாவது துவைக்காமல் இருந்தால் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று. மாமா அந்தச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, லீவு கிடைக்கும்வரை ஐந்து மாதம் காத்தார். லீவில் வந்தவர் இதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து.

அப்போது எனக்குப் பத்து வயது. மாமா வந்து குளித்து, காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆட்களைப் பார்க்கப் போயிருந்தார். அவருடைய அழுக்குத் துணியைத் தொட்டிக்கு எடுத்துப் போகும்படி அம்மா சொன்னாள். நான் மாமாவின் பட்டாளப் பையை அடிவரை துழாவினேன். பிளாஸ்டிக் சுற்றிய பச்சைச் சட்டை கிடைத்தது. காலரின் உட்பக்கம் எழுதியிருந்த நம்பர் மாமாவுடையது இல்லை.

எங்கள் தொழிலில் துணி மாறிப்போவதைப் போல அவமானம் வேறு கிடையாது. அதற்காகத்தான் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி போடுகிறோம். அப்படியும் ஒன்று மாறி வந்துவிட்டால், மற்றதைவிட நன்றாக வெளுத்துத் திருப்பிக் கொடுப்போம். உடையவர் கோபம் பாதியாவது குறையும். மாமாவும் யாருடைய சட்டையையோ மாற்றிக் கொண்டுவந்து, வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆவேசம்.

சோடா போட்டு ஊறவைத்தேன். காலரிலும் கக்கத்திலும் கறை கெட்டியாக இருந்தது. மூன்று தண்ணீர் மாற்றினேன். கஞ்சி போட்டு, முறுக்குக் கயிற்றின் புரிகளுக்கு நடுவே செருகிக் காயவைத்து, கரிப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இஸ்திரி போட்டேன்.

சாயங்காலம் மாமா வந்ததும் நீட்டினேன்.

"மாறி வந்த சட்டை, மாமா. நம்பர் வேற. நல்லா வெளுத்து வச்சிருக்கேன். உடையவங்ககிட்ட கொடுத்துட்டு ஒரு மன்னிப்பு கேட்டா போதும், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மாமா அதை வாங்கி முகத்தருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் வைத்திருந்தார். கஞ்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் போலும் என்று நின்றேன். எத்தனை தண்ணீர் என்று கேட்டார். மூன்று என்றேன். அம்மா என்னடா என்று கேட்க, அவளைத் தனியே கூட்டிப்போய் ஏதோ சொன்னார். அம்மா திரும்பி வந்த வேகத்தில் கையை ஓங்கினாள். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுக்கா. அவ தெரிஞ்ச வேலையச் சரியாத்தான் செஞ்சிருக்கா." பிறகு என்னைப் பார்த்து, "கொள்ளாம் மோளே" என்றார், நல்லா இருக்கு மகளே என்று மலையாளத்தில்.

அதைப் பாராட்டு என்றே பல வருஷம் வைத்திருந்தேன். பள்ளியில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தச் சட்டையில் அழுக்கைத் தவிர வேறு என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை மாமா சட்டையைச் செய்தித்தாளில் பொதிந்துகொண்டு வைப்பின் படகுக்குப் போனார். மத்தியானம் வெறுங்கையோடு வந்தார். சாயா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.