“அவர் குடிக்கலைங்க”

போன வருஷம் பங்குனி மாசத்தில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இருக்கிற கூட்டேரிப்பட்டில் நடந்தது இது. இப்போதும் பஸ் அந்தக் கூட்டு ரோட்டைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்வேன். பயம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு உடம்பில் ஏறிய அசதி இன்னும் முழுசாக இறங்கவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் திண்டிவனத்தில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறேன். என் வீட்டுக்காரர் எரிந்துபோன போர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். கூட்டேரிப்பட்டில் ஒரு ரிப்பேர் கடையில் வேலை. சுற்றுப்பக்கம் எந்தக் கழனியில் மோட்டார் எரிந்துபோனாலும் அவரைத்தான் கேட்டு வருவார்கள். கம்பியை அவர் சுற்றுவதைப் பார்த்தால் அவ்வளவு நிதானமாக இருக்கும். ஆனால் காலையில் கொஞ்சம் சரக்கு உள்ளே போனால்தான் கை நடுங்காமல் நிற்கும் என்கிற நிலைமைக்கு அவர் வந்து பல வருஷம் ஆகியிருந்தது.

நாங்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. கோயிலில் கயிறு கட்டினோம். குழம்பில் கலந்து கொடுக்கும் பொடி வாங்கினோம். ஒரு மறுவாழ்வு மையத்தில் தங்க வைத்தோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் நன்றாக இருப்பார். சொந்தக்காரர்கள் எல்லாம், “பாரு, திருந்திட்டான்” என்பார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும் நடையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். கடைசியில் அழுவதைக்கூட விட்டுவிட்டேன். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு ஊற வைத்த உளுந்தைக் கழுவப் போய்விடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நடக்கிற ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கும் பிரஷர் இருப்பவர்களுக்கும் ரொம்பக் காலமாகக் கொடுத்து வருகிற ஒரு மாத்திரை. அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் குடிக்கிற ஆசையும் குறைகிற மாதிரி தெரிகிறதாம். நிஜமாகவே குறைகிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்களாம். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி, உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது.

“நெஞ்சுக்குக் குடுக்கிற மாத்திரைக்கும் பிராந்திக்கும் இன்னா மேடம் சம்பந்தம்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா சிரித்தார். “அது தெரிஞ்சா நாங்க இத செய்யவே வேணாமே” என்றார்.

சொந்த விருப்பத்தோடு சேருகிறாரா என்று தெரிந்துகொள்ள அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காலையில் இருந்து அவர் குடிக்கவில்லை. வெளியே வரும்போது வேர்த்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “மாத்திரை சாப்பிடணும், வாரா வாரம் வந்து பேசணும், அப்பப்போ ரத்தம் குடுக்கணும். அவ்ளோதான்” என்றார்.

அவர் குடி மெதுவாகக் குறைய ஆரம்பித்தது. முதலில் காலையில் குடிப்பது நின்றது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளும் சாதாரணமாகக் கழிய ஆரம்பித்தன. அவர் வேலை பார்க்கிற ரிப்பேர் கடைக்கார அண்ணன் ஒருநாள் எனக்குப் போன் பண்ணி, “இன்னாம்மா, மந்திரம் எதுனா வச்சியா?” என்று கேட்டார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. ஒருத்தரை நம்புவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். எனக்கு அது தீர்ந்துபோயிருந்தது. அவர் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டுக் கேரியரை வாங்குகிற சாக்கில் கிட்டே போய் மூச்சை முகர்ந்து பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும். ஒரு நொடி நின்று கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் விழுப்புரம் போய் ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். அவர் கூட்டேரிப்பட்டில் வேலைக்கு இறங்கிக்கொண்டார். இறங்கும்போது படியில் கால் கொஞ்சம் இடறியது. “தூக்கக் கலக்கம்” என்றார். நான் திண்டிவனம் வந்து மாவு வேலையைப் பார்த்தேன்.

மதியம் சாப்பிட உட்காரும்போது ஆஸ்பத்திரி நர்ஸம்மா போன் பண்ணினார். எப்போதும் சிரித்துப் பேசுகிறவர், அன்றைக்கு அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

“அக்கா, அவரு எங்க இருக்காரு? போன் எடுக்க மாட்டேங்கிறாரு. ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பு ரொம்ப ஏறியிருக்குது. ஹார்ட்டு அப்படியே நின்னு போயிரும்க்கா. ஜல்தியா கூட்டிக்கினு வாங்க.”

நானும் அவருக்குப் போன் பண்ணிப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கடைக்காரருக்குப் பண்ணினேன். அவர் கொஞ்சம் தயங்கி, “சாப்பிடப் போறேன்னு போனாரும்மா. இன்னும் வரலை” என்றார். அந்தத் தயக்கத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாகக் கேட்டுவருகிற தயக்கம். உடம்பு விஷயம், கொஞ்சம் தேடிப் பாருங்கள் என்று சொன்னேன். “தேடறதுக்கு இன்னாம்மா இருக்குது, எப்பவும் போற எடத்துலதான் இருப்பாரு. நான் கரண்ட்டு வேலைல கைய வச்சிக்கினு இருக்கேன், முடிச்சிட்டுப் பாக்கறேன்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் என்னை மாதிரித்தான், தேடித் தேடிச் சலித்துப்போனவர்.

பஸ்ஸில் போகும்போது எனக்குக் கண்ணீர் வரவில்லை. மறுபடியும் ஆரம்பித்துவிட்டாரா, சரி, என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே கழனியில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொம்பளைகளோடு போய் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டே இருந்துவிடலாம், எங்கேயும் போக வேண்டாம் என்று தோன்றியது.

கூட்டேரிப்பட்டில் இறங்கி நேராக ஒயின்ஷாப்புக்குத்தான் போனேன். அந்த வழி காலுக்கே தெரியும். வாசலில் டம்ளர் விற்கிற ஆள் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். “அண்ணன் இங்க வர்றதே இல்லம்மா. மாசக்கணக்கா ஆவுது” என்றார். நான் அந்த ஆள் சொன்னதை நம்பாமல் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் இல்லை.

மயிலம் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தேன். ஒரு மர நிழலில் இளநீர் வண்டி நின்றது. அதன் சக்கரத்தில் சாய்ந்து, காலை நீட்டி, தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார் என் வீட்டுக்காரர். ஒரு செருப்பு தள்ளிக் கிடந்தது. பைக்கில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, “பகல்லியே ஃபுல்லு போல” என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இளநீர் வண்டிக்கார அம்மா ஒரு ஆட்டோவை நிறுத்தி வாதாடிக்கொண்டிருந்தார். “குடிகாரன ஏத்துனா வாந்தி எடுத்து வைப்பான், யாரு கழுவறது?” என்று கேட்டுவிட்டு அந்த ஆட்டோவும் போய்விட்டது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் முதலில் செய்தது அவர் வாயை முகர்ந்து பார்த்ததுதான். மூச்சு விடுகிறாரா, நாடி அடிக்கிறதா என்றுகூடப் பார்க்கத் தோன்றவில்லை. பழக்கம்.

வாடையே இல்லை.

திரும்பவும் முகர்ந்தேன். வேர்வை, மோட்டாருக்குப் போடுகிற வார்னிஷ், அவ்வளவுதான். வாழ்க்கையில் அன்றைக்கு ஒருநாள்தான் அவர் வாயில் அந்த வாடை இல்லையே என்று நான் பயந்தேன்.

“அவரு குடிக்கலைம்மா” என்றார் அந்த அம்மா. “தெனமும் ரெண்டு மூணு தபா இங்கதான் வருவாரு. அந்த நெனப்பு வந்தா இளநி குடிப்பேன்னு சொல்லுவாரு. அதுக்குப் பதிலு இதுன்னு. இன்னிக்கு ஒண்ணு குடிச்சிட்டு எழுந்தாரு, காலு ரெண்டும் மடங்கிப் போச்சு. கடைய விட்டுட்டு வர முடியல, சொன்னா யாரும் நம்பல.”

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நாக்கு குழறியது. “காலு வரமாட்டேங்குது” என்று மட்டும் சொன்னார்.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். இளநீர் என்று சொன்னதும், “ஐயோ, இளநியா?” என்றார். அந்த மாத்திரை உடம்பிலிருந்து அந்த உப்பை வெளியே போகவிடாதாம். இளநீரிலும் அதே உப்புதான் நிறைய இருக்கிறதாம். இளநீர் கூடாது என்று சேரும்போதே சொல்லித்தான் அனுப்பினார்களாம். சேரப் போன அன்றைக்கு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் காதில் அது விழவே இல்லை. “இனிமே ஒரு வாய்கூடக் குடுக்காதீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், அங்கியே இருங்க” என்றார்.

ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து இறங்கிய தம்பியும் அவரைப் பார்த்த பார்வையிலேயே, “எவ்ளோ குடிச்சாரு?” என்று என்னிடம் கேட்டார்.

“அவர் குடிக்கலைங்க” என்றேன்.

இதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கடைக்காரரிடம், என் அண்ணனிடம், வீட்டு ஓனரிடம், கல்யாண வீடுகளில். “குடிக்கலைங்க, உடம்பு சரியில்ல.” அத்தனை தடவையும் பொய். அன்றைக்குத்தான் அது உண்மை. அன்றைக்குப் பார்த்து எதிரில் இருக்கிற ஆள் நம்பவில்லை. அந்தத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இருந்து சொன்னதை அப்படியே சொன்னேன். பொட்டாசியம் என்கிற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, நெஞ்சில் ஒயர் ஒட்டி, வண்டியை எடுத்துவிட்டார்கள். அந்த அம்மா ஓடி வந்து தள்ளிக் கிடந்த செருப்பை என் மடியில் போட்டார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் எங்களுக்கு வழி விட்டார்கள். வண்டிக்குள் இருந்த சின்ன டிவியில் அவர் இதயத் துடிப்புக் கோடு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். பொழுது சாயும்போது அவருக்குக் கால் விரல் அசைந்தது. டாக்டரம்மா வெளியே வந்து தப்பித்துவிட்டார் என்றார். இன்னும் கொஞ்சம் நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார். இந்த மாதிரி ஆபத்து வந்தால் மட்டும் யாருக்கு எந்த மாத்திரை என்று பார்க்க வழி இருக்கிறதாம். பார்த்திருந்தார்கள். அவர் சாப்பிட்டது நிஜ மாத்திரைதான். இனிமேல் அதைக் கொடுக்க முடியாது என்றார்கள்.

“அப்ப இவ்ளோ நாளு அவர் குடிக்காம இருந்தது அந்த மாத்திரையாலதானா மேடம்?” என்று கேட்டேன்.

“ஒருத்தர வச்சிச் சொல்ல முடியாதும்மா. மாத்திரையா இருக்கலாம். வாரா வாரம் இங்க வந்து பேசுனதா இருக்கலாம். அவரே மனசு வச்சதாவும் இருக்கலாம். அதுக்குத்தான் நெறைய பேர்கிட்ட பாக்கறோம்” என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லாமல் தெரியாது என்று சொன்ன அந்த டாக்டரம்மா மேல் எனக்கு மரியாதைதான் வந்தது.

உள்ளே போனேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். “பிராந்தி குடிச்சப்போ ஒண்ணும் ஆவல. இளநி குடிச்சதுக்குச் சாவப் பாத்தேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே மெதுவாகக் கேட்டார். “நீகூட குடிச்சிட்டுத்தான் வுழுந்துட்டேன்னு நெனச்சியா?”

“ஆமா” என்றேன். அன்றைக்கு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“நெனக்கத்தான் செய்வ. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். மாத்திரை நின்றதும் அவர் ரொம்பச் சிரமப்பட்டார். வேறு மருந்து கொடுத்தார்கள். ஆராய்ச்சியில் இல்லாவிட்டாலும் பேசுவதற்கு வரச் சொன்னார்கள், போகிறார். நடுவில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அவரே சட்டையைப் போட்டுக்கொண்டு, “விழுப்புரம் போய்ட்டு வர்றேன்” என்று கிளம்பினார். நான் கூடப் போகவில்லை. அன்றைக்கு என்னால் முடியவும் இல்லை. ஆனால் தனியாகப் போய்விட்டுத் தனியாகவே திரும்பி வந்தார். அதிலிருந்து இதுவரை நன்றாகத்தான் இருக்கிறார். நாளைக்கு எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஒரு குடிகாரர் மாறுவதற்கு எத்தனை காலம் ஆகும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அவர் மாறிவிட்டதைப் பக்கத்திலேயே இருக்கிறவள் நம்புவதற்கு அதைவிட அதிக காலம் ஆகும் என்று அந்த மதிய வெயிலில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காலத்தை நான் இன்னும் மெதுவாக, நின்று நின்றுதான் நடந்து கடந்துகொண்டிருக்கிறேன்.