வால்வு மூடியும் அரிசி களையும் சட்டியும்

என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல ஏச்சு விழுந்திருக்கும். உழவு மெசினின் வால்வு மூடியைக் கழற்றி, அவள் அரிசி களையும் சட்டியில் போட்டு, மேலே டீசலை ஊற்றினேன். “உங்களுக்கென்ன விசரா? இனிச் சோறு தின்னுறல்லையா?” என்று குசினிக்குள்ளிருந்து குரல் வருமென்று கொஞ்ச நேரம் காத்துக்கூட இருந்தேன். அவள் போய் ஒரு வருடமாகிறது.

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால், இருக்கிற வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் ஒதுங்கிக்கொள்வார்கள். நாங்களும் வாவிக்கரை வீட்டைக் கொடுத்துவிட்டு, கரடியனாற்றுப் பக்கம் நெல் வட்டை ஓரமாக, வயலைப் பார்த்தபடி இரண்டு அறை கட்டி வந்தோம். இப்போது மகள் திரும்பி வரச் சொல்கிறாள். கொடுத்த வீட்டில் போய்க் குந்தியிருக்க எனக்கு மனமில்லை. பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

கடைசியில் அவள் போனில் ஒரு பந்தயம் வைத்தாள்.

“அப்பா, அந்த மெசினத் தனிய ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. பண்ணினா இந்தப் போகம் முடியுமட்டும் நான் வாயத் திறக்க மாட்டன். ஏலாட்டி என்னோட வந்திரணும்.”

“ஓம்” என்றுவிட்டேன்.

எங்கே அடித்தால் விழுவேன் என்று தெரிந்துதான் அடித்தாள். அந்த மூடியின் மேல் ஒரு சின்ன நெம்பு உண்டு. அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடி லேசாகச் சுற்றும். வேகம் எடுத்ததும் நெம்பை விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். எனக்கு இடது தோள் உயராது. வலது கையால் நான் சுற்ற, நெம்பைப் பிடிப்பது மனைவிதான். “விடு புள்ள!” என்று கத்துவேன். விடுவாள்.

ஒரு வருடம் சும்மா கிடந்ததில் மூடிக்குள் தண்ணீர் இறங்கி, எண்ணெய் வெள்ளைக் களியாகிக் கிடந்தது. நெம்பு துருவில் இறுகியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். எண்ணெய் கசியாமலிருக்க வைத்து, ஓரத்தில் ஒட்டிக் கிடந்த அட்டைப் பக்கிங்கைப் பிளேடால் சுரண்டினேன். புதியதற்குக் கலண்டர் மட்டையை மூடியின் மேல் வைத்து, விளிம்போடு சுத்தியலால் தட்டித் தட்டி வெட்ட வேண்டும். மட்டை நழுவிக்கொண்டே இருந்தது. முன்பு அதன் மறுபக்கத்தை இரண்டு கைகள் அழுத்திப் பிடிக்கும். அன்றைக்குக் குதிக்காலால் மிதித்துக்கொண்டு வெட்டினேன். செத்தவீட்டில் அடக்கிய அழுகை அந்த மட்டையில் வந்தது.

மூடியைப் பூட்டிவிட்டு, நெம்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றினேன். முதல் தரம் கயிறு வழுகியது. இரண்டாம் தரம் வேகம் வருமுன்னே மூச்சு வாங்கிவிட்டது. மூன்றாம் தரம் வேகம் வந்தது. பழக்கதோஷம், பல்லில் கயிறு இருப்பதையே மறந்து வாய்விட்டுக் கத்தினேன்:

“விடு புள்ள!”

கயிறு விழுந்தது. இஞ்சின் பிடித்துக்கொண்டது.

மகளுக்குப் போன் எடுத்து, அதை இஞ்சின் பக்கம் நீட்டினேன். பிறகு காதில் வைத்தேன்.

“சரிப்பா. சொன்னாச் சொன்னதுதான்” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “பகல் சாப்பிட்டீங்களா?”

“ஓம் மகள்.”

போனை வைத்த பிறகுதான் நான் எதை வென்றிருக்கிறேன் என்று உறைத்தது. பயமாக இருந்தது. உலை வைக்க அரிசி களையலாம் என்றால், சட்டி கறுத்த டீசலோடு முற்றத்தில் கிடந்தது. இஞ்சினை நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த வளவில் வேறு சத்தம் இல்லை.